கடல் கொண்டுபோன எட்டுப் பாடம்

கச்சான் காற்று பிடித்து அன்றோடு பதினெட்டு நாள். மேற்கேயிருந்து வருகிற அந்தச் சுடுகாற்று புளியடிவட்டை வயல்வெளி முழுவதையும் தடவிக்கொண்டு போகும்போது பயிரின் நுனி மட்டுமா கருகும், மனிதரின் பொறுமையும் சேர்ந்துதான் கருகும். சிறுபோகத்து வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்றது. வயிற்றில் கதிரை வைத்துக்கொண்டு நிற்கிற பயிருக்கு அந்தக் கிழமை தண்ணீர் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அறுவடை மெசினை இறக்கிப் பதரைத்தான் அள்ள வேண்டும். குளமோ வற்றிப்போய்க் கிடந்தது. இருப்பதைத் திரட்டி ஒரேயொரு முறை விடுவோம், வெள்ளி காலை ஆறு மணிக்குத் திறந்தால் சனி மாலை ஆறு மணிக்குப் பூட்டு, அதற்கு மேல் ஒரு சொட்டும் கேட்கக்கூடாது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது.

முப்பத்தாறு மணித்தியாலத் தண்ணீர். அதை அறுபது ஏக்கருக்குப் பங்குபோடும் வேலை காலிதீனுடையது. அவன்தான் அந்த வட்டையின் வட்டவிதானை, ஊர் வாயில் வட்டானை. போகத்துக்குப் போகம் விவசாயிகள் கையுயர்த்தித் தெரிவுசெய்கிற பதவி அது. பதினொரு வருடமாக அவனுக்கே கையுயர்த்துகிறார்கள். பாசத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். அவனை ஏசாத வாய் அந்த வட்டையில் இல்லை. ஆனால் அவன் போட்ட தண்ணீர்க் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

இந்த முறையும் அப்படித்தான். மேல்கண்டம் நாற்பத்திரண்டு ஏக்கர், களிநிலம், ஏக்கருக்கு அரை மணித்தியாலம் போதும். கடைக்கண்டம் பதினெட்டு ஏக்கர், மணல் கலந்த நிலம், எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், அதற்கு முக்கால் மணித்தியாலம். தண்ணீர் வாய்க்காலின் கடைசிவரை ஓடிச் சேர ஒன்றரை மணித்தியாலம். குளத்துத் தண்ணீரைத் திறந்து பூட்டுகிற துருசுக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, யார் யாருக்கு எத்தனை மணிக்கு என்று காலிதீன் கடகடவென்று சொல்லிவிட்டான். எழுதுவது மட்டும் அவனுக்கு ஆகாது. வியாழன் மாலை அவன் வீட்டில் குந்தியிருந்து சொல்லச் சொல்ல, முறைத் தாளை அழகாக எழுதிக் கொடுத்தது அவனுடைய ஒரே மகள் சிம்னா.

அந்தச் சிம்னாவின் ஓ.எல். பரீட்சை ரிசல்ட் சனிக்கிழமை காலையில் வந்தது.

இரவு முழுக்கத் துருசடியில் நின்று, விடியப்புறம் தண்ணீரைக் கடைக்கண்டத்துக்குத் திருப்பிவிட்டு, இரண்டு வாய் தின்னலாம் என்று காலிதீன் வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே மனைவி முஸ்பிறாவின் குரல் வாசலைத் தாண்டி வந்தது.

"ஒம்பது பாடத்தில எட்டு பாஸாம்! எட்ட வெச்சி என்ன செய்யிற? கணக்கில டபிள்யூ! கணக்கில்லாட்டி ஏ.எல்.லுக்கு எடுப்பாங்களா? சொல்லுகா, எடுப்பாங்களா?"

டபிள்யூ என்றால் பெயில், மேல்படிப்பான ஏ.எல்.லுக்குக் கதவு பூட்டு. அந்த ஒற்றை எழுத்து அன்று காலை எத்தனை வீட்டில் அடுப்பை அணைத்ததோ, அல்லாஹ்தான் அறிவான். சிம்னா சுவரோடு ஒட்டி நின்றாள். கையில் இருந்த போனின் வெளிச்சம் அணைந்துவிட்டது. ஆனாலும் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முஸ்பிறாவின் மூத்த சகோதரன் அதாவுல்லா கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். பட்டம் எடுத்தவன், கந்தோர் உத்தியோகம், இஸ்திரி கலையாத சேட். நல்ல மனிதன்தான், எந்த வீட்டுக் கவலைக்கும் முதலில் வந்து நிற்பான். வந்தால் அந்தக் கவலைக்கு ஒரு முடிவு கட்டாமல் எழும்பமாட்டான், அதுதான் அவனுடைய கரைச்சல்.

"வாங்க மச்சான். கேள்விப்பட்டீங்கதானே?" என்றான்.

"இப்பத்தான் காதில விழுந்த" என்று காலிதீன் மகளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

முஸ்பிறா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்களே கேளுங்க இவளிட்ட. உன்ட வாப்பா குப்பி விளக்கில படிச்சி எட்டுப் பாடமும் பாஸான மனிசன் எண்டு எத்தின தரம் இவளுக்குச் சொல்லியிருப்பன். கடல் பேப்பரக் கொண்டுபோனாலும் மூளையக் கொண்டுபோகல்ல. அந்த மூளையில கொஞ்சமாவது இவளுக்கு வந்திருக்க வேணாமா?"

காலிதீன் சேறு படிந்த கையை உடுப்பில் துடைத்துக்கொண்டான். பத்தொன்பது வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருக்கிற அதே எட்டுப் பாடம்தான்.

கதை இதுதான். காலிதீன் ஓ.எல். எழுதியது இரண்டு தரம். முதல் தரம் ஆறு பாடம் பாஸ், கணக்கும் இங்கிலிசும் பெயில். இரண்டாம் தரம் இங்கிலிசு தப்பிவிட்டது, கணக்கு தப்பவில்லை. விடை எல்லாம் அவனுக்குத் தலைக்குள் வந்துவிடும். எப்படி வந்தது என்று செய்கை எழுதத் தெரியாது. விடையை மட்டும் எழுதி வைத்துவிட்டு வருவான். திருத்துகிறவருக்கு அவன் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? பிறகு சுனாமி என்று கடல் வந்தது. சாய்ந்தமருதுக் கரையோரத்தில் இருந்த அவனுடைய வீட்டையும் உம்மாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது.

இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டி வைத்திருப்பார், மாப்பிள்ளை வந்து புகுவான். வெறுங்கையோடு வருகிறவன் படிப்பையாவது கொண்டுவர வேண்டாமா? கடல் வந்து இரண்டாம் வருடம் அவனுடைய சாச்சா, தகப்பனின் தம்பி, முஸ்பிறாவின் வாப்பாவிடம் பெண் கேட்டுப் போனார். பொடியன் எத்தனை பாடம் என்று அவர் கேட்டார். "எட்டும் பாஸ் காக்கா. சேட்டிபிக்கட் கடலோட போச்சு" என்றார் சாச்சா, கண் இமைக்காமல். அந்த நாளில் ஊரில் பாதிப்பேர் அதைத்தான் சொன்னார்கள். காணி உறுதியும் அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் உண்மையிலேயே கடலோடு போயிருந்தன. கடல் கொண்டுபோன கடதாசிக்கு யார் அத்தாட்சி கேட்பது? கேட்டால் பாவம் என்று நினைத்த காலம். பக்கத்தில் இருந்த காலிதீன் வாயைத் திறக்கவில்லை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்று மூடிய வாயோடுதான் அந்த வீட்டில் இத்தனை வருடம் சோறு தின்கிறான்.

"நான் யோசிச்சிட்டன்" என்றான் அதாவுல்லா, கோப்பையைக் கீழே வைத்தபடி. "திரும்ப எழுதிறது, டியூசன் எண்டு அலையிறதெல்லாம் காலத்த வீணாக்கிற வேல. கணக்கு ஏறாத தலைக்குக் கணக்கு ஏறாது. தையல் வகுப்பு ஒண்டு நல்லா நடக்குது. திங்கட்கிழமையே சேத்துவிடுறன். கையில ஒரு தொழில் கெடக்கும்."

"நான் எழுதுவன் மாமா" என்றாள் சிம்னா. அன்று காலை அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"என்னத்த எழுதிற?" முஸ்பிறா சீறினாள். "உங்கட வாப்பா ஒரே தரத்தில எடுத்தத நீ எத்தின தரம் எழுதி எடுக்கப்போறா? காக்கா சொல்றதுதான் சரி. எனக்கு ஊருக்க முகம் காட்ட ஏலாமக் கெடக்கு."

சிம்னா தலையைத் தூக்கித் தகப்பனைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லுங்கள் என்கிற பார்வை. அவனும் வாயைத் திறந்தான். வந்தது என்ன தெரியுமா? "எனக்குத் துருசடிக்குப் போகணும், நேரமாகிட்டு." அதைச் சொல்லிவிட்டு, முஸ்பிறா எடுத்து வைத்த ரொட்டியையும் சம்பலையும் தொடாமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். வெட்கங்கெட்ட மனிதன்.

துருசடியில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் சரியாகத்தான் ஓடியது. கடைக்கண்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாயான வக்கடையைத் திறந்து, நேரம் முடிந்ததும் சேற்றைப் போட்டுக் கட்டினார்கள். எல்லோருக்கும் கடைசி ஆள் தங்கரத்தினம், அறுபது தாண்டிய மனிதர். நாலு ஏக்கர், பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுவரை அவருடைய முறை. காலையிலேயே மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்தார்.

"தம்பி, மூண்டு மணிக்கு ஒரு நிமிசமும் பிந்தாதுதானே?"

"பிந்தாது அண்ணன்."

"இதோட இனித் தண்ணி இல்லையாமே. எனக்கு இந்த நாலு ஏக்கரையும் விட்டா வேற ஒண்டுமில்ல."

"நான் நிக்கிறன்தானே அண்ணன். பயப்படாதீங்க."

நிற்கிறேன் என்று சொன்னவன் இரண்டு மணிக்கு நிற்கவில்லை. போன் அடித்தது. முஸ்பிறா. காலையில் கேட்ட குரலே இல்லை.

"புள்ளையக் காணல்ல."

"என்ன சொல்றா?"

"லுஹருக்குத் தொழுதிட்டு வாறன், அறைக்கதவு தொறந்து கெடக்கு. போன் கட்டில்ல கெடக்கு. ஒரு வீட்டுக்கும் போகல்ல, எல்லாரிட்டயும் கேட்டுட்டன். அல்லாஹ்வே, நான் என்னெல்லாம் ஏசினன்... அவ கடக்கர பக்கம் போயிருப்பாளோ? எனக்குப் பயமாக் கெடக்குங்க, கெதியா வாங்க!"

காலிதீன் தண்ணீரை மறந்தான், தங்கரத்தினத்தை மறந்தான். வண்டியைத் திருப்பியபோது அவன் கண்ணில் பட்டது பெரிய வாய்க்கால். ஆளாழத்துக்கு மண்ணிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. கடைசித் தண்ணீர் என்று தானே வேண்டி எடுத்த தண்ணீர்.  கரையோரமாகவே, ஒரு கண் பாதையிலும் ஒரு கண் தண்ணீரிலுமாக ஓட்டினான். மதகடியில் எதுவோ கறுப்பாகச் சுற்றியது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். பொலித்தீன் உறை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்தி அழுதான். பிறகு எழும்பிக் கடற்கரைக்குப் போனான்.

கடற்கரையில் தோணிகள் ஏற்றிக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம், கறுப்பு அபாயா போட்ட புள்ள ஒண்டு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டான். யாரும் காணவில்லை. ஒருவர், "ஓ.எல். எழுதின புள்ளையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவனை வெட்டிப்போட்டது. கடல் அன்று அமைதியாகத்தான் இருந்தது. அவனுக்கு அதன் அமைதியிலும் நம்பிக்கை இல்லை. அவளிடம் காலையிலேயே சொல்லியிருந்தால்? நானும் பெயில்தான் மகள் என்று ஒரு வார்த்தை. ஒரேயொரு வார்த்தைக்குத்தானே அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தது?

மூன்றேகாலுக்குத் திரும்பப் போன் அடித்தது. தங்கரத்தினம்.

"தம்பி, மூண்டு மணிக்கு வக்கடையத் தொறந்தன். தண்ணி நூலாட்டம் வருது. மேல எவனோ வெட்டிட்டான்."

"அண்ணன், என்ட புள்ளையக் காணல்ல. தண்ணிய விடுங்க!"

"புள்ளையா? சிம்னாவா? அவ மத்தியானத்தில இருந்து இஞ்சதானே என்ட காவல் வாடியில குந்தியிருந்தா. இப்பத்தான் முறைத் தாளையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழிய மேல போறா. சொல்லச் சொல்லக் கேக்காமப் போறா. கெதியா வா தம்பி, அங்க சண்டை வரப்போகுது."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. முஸ்பிறாவுக்குப் போன் எடுத்து, இருக்கிறாள் என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கத்தில் அழுகைதான் கேட்டது.

மேல்கண்டத்தில், றிஸ்கானின் வயலடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். றிஸ்கான் முப்பது வயதுக்காரன், ஆறு ஏக்கர் செய்கிறவன், முன்கோபி. வட்டானை கிளம்பிப் போனதைக் கண்டதும் தன் வக்கடையை வெட்டி வாய்க்கால் தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டான். அந்த வக்கடைக்குள்ளே, முழங்கால் சேற்றில், அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு சிம்னா நின்றாள். கையில் முறைத் தாள். ஒற்றைக் கையால் சேற்றை அள்ளி அள்ளி வக்கடையில் அப்பிக்கொண்டிருந்தாள். றிஸ்கான் மண்வெட்டியால் அதை இழுத்து இழுத்து விட்டான்.

"எழும்புகா அங்கால! பொம்புளப் புள்ளையெண்டு பாக்கிறன்!"

"உங்களுக்கு ஆறு ஏக்கர், மூண்டு மணித்தியாலம்" என்றாள் சிம்னா. கை நிற்கவில்லை. "நேத்து ஒம்பதுக்குத் தொறந்து பன்னெண்டுக்குக் கட்டின. ஜும்ஆவுக்கு நேரமாகிட்டெண்டு நீங்களேதான் கட்டின. ஒரு நிமிசமும் குறையல்ல. இது தங்கரத்தினம் ஐயாட தண்ணி."

"என்ட வயல்ல ஒரு மூலை வெடிச்சிக் கெடக்கு. அத வந்து பாத்தியா?"

"அது உங்கட வயல் மட்டமில்லாததால. தண்ணி குறைஞ்சதால இல்ல."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். றிஸ்கானுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

"இஞ்ச பாருங்க சனங்காள்! காலையில ஊரே பாத்த ரிசல்ட்டு. கணக்கில டபிள்யூ எடுத்த புள்ள எனக்கு மணித்தியாலக் கணக்குப் படிப்பிக்க வந்திரிக்கா. போ, போய் வாப்பாவப் போல எட்டுப் பாடம் எடுத்திட்டு வந்து கதை!"

சிம்னாவின் கை அப்போதுதான் நின்றது. தாள் சேற்றில் விழுந்தது. அவள் முகத்தை மூடிக்கொள்ளவும் முடியாமல், சேற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

காலிதீன் வரம்பிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கினான். சப்பாத்தோடு இறங்கினான்.

"றிஸ்கான்" என்றான். "நானும் எடுக்கல்லடா."

"என்னத்த?"

"எட்டுப் பாடம். நான் எடுக்கல்ல. கணக்குப் பெயில். ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் பெயில். இப்ப டபிள்யூ எண்டு போடுறாங்க, அந்தக் காலத்தில எஃப் எண்டு போட்டாங்க. எனக்கு ரெண்டு எஃப் கெடந்த. கடல் கொண்டுபோனது அந்தப் பேப்பரத்தான்."

கச்சான் காற்று மட்டும் நெல்லை உரசிக்கொண்டு போனது. பதினொரு வருடமாக அவனுக்குக் கையுயர்த்தியவர்கள் அவனையே பார்த்தபடி நின்றார்கள்.  இனி என்ன, இந்தப் பதவியும் போச்சு, ஊரில் முகமும் போச்சு என்று காலிதீன் நினைத்தான்.

தங்கரத்தினம் மூச்சு வாங்க வாங்க வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி" என்றார். "எனக்குத் தண்ணி எத்தின மணிக்கு வரும்?"

காலிதீன் வாயைத் திறந்தான். கணக்கு வரவில்லை. பதினொரு வருடத்தில் முதல் முறையாக அவன் தலைக்குள் வெறும் காற்றுத்தான் வீசியது.

"இப்ப மூண்டே முக்கால்" என்றாள் சிம்னா, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு. "இஞ்சயிருந்து உங்கட வக்கடைக்கு ஒரு மணித்தியாலம் ஓடும். நாலே முக்காலுக்கு வந்திடும் ஐயா. ஆனா ஆறு மணிக்குள்ள உங்களுக்குக் காணாது. றிஸ்கான் காக்கா கீழ் வரம்ப வெட்டி, இப்ப குடிச்சத எறக்கிவிடணும். அப்ப சரி வரும்."

எல்லோரும் றிஸ்கானைப் பார்த்தார்கள். முன்கோபிதான், ஆனால் அவன் கெட்டவன் இல்லை. இரண்டு நிமிடம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு நடந்துபோய்க் கீழ் வரம்பை வெட்டினான். தங்கரத்தினத்தின் வக்கடைக்குத் தண்ணீர் நாலு ஐம்பதுக்கு வந்தது. ஐந்து நிமிடம் பிந்தியதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ஆறு மணிக்குத் துருசைப் பூட்டிவிட்டு, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலிதீன் வண்டியை எடுத்தான். 

"எங்க போறெண்டு சொல்லிட்டுப் போகக் கூடாதா மகள்? உம்மா செத்துப் பொழைச்சிட்டா."

"உங்களத் தேடித்தான் வந்த. துருசடியில நிறைய ஆக்கள் நிண்டாங்க. எல்லாரும் ரிசல்ட்டக் கேப்பாங்களெண்டு அங்கால போய்க் குந்தினன்." கொஞ்ச நேரம் கழித்து, "வாப்பா, அங்க சொன்னத உம்மாட்டயும் சொல்லுவீங்களா?" என்றாள்.

"அத்தின பேருக்கு முன்னால சொன்னது காணாதா?"

"அங்க ஒருக்காத்தான் ஏசின. வீட்டில ஒவ்வொரு நாளும்தானே."

காலிதீன் வண்டியை வீட்டுப் பாதைக்குத் திருப்பினான்.

வீட்டில் அதாவுல்லா அதே கதிரையில் இருந்தான். முஸ்பிறா ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடித்தாள், சேறெல்லாம் அவள் சட்டையில் ஒட்டியது. முதுகில் ஓர் அடியும் வைத்தாள். பிறகு மகளை விடாமலே புருசனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. வண்டியை விட வேகமாகச் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"கேள்விப்பட்டது மெய்யா?"

"மெய்."

"உங்கட வாயால சொல்லுங்க."

சொன்னான். எத்தனை பாஸ், எத்தனை பெயில், சாச்சா சொன்னபோது பக்கத்தில் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னான். வெளியில் சொன்னது போல லேசாக இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் தொண்டையிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முஸ்பிறா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ட வாப்பா மௌத்தாகும் வரைக்கும் படிச்ச மருமகன், படிச்ச மருமகனெண்டு சொல்லித் திரிஞ்சாரே. அவருக்குப் பொய் சொன்னீங்க, போகட்டும். இந்தப் புள்ளைக்கு நான் ஏசின ஏச்சு? ஆறாம் வகுப்பில இருந்து உங்களக் காட்டிக் காட்டித்தானே அடிச்சன். பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க. உங்கட பொய்யால என்ட புள்ளைக்கு அடிக்கவெச்சீங்களே!"

அவன் தலையைக் குனிந்தான். இதற்குத்தான் அவன் பயந்தது. ஊருக்கு அல்ல.

அதாவுல்லா தொண்டையைச் செருமினான். "நடந்தது நடந்துபோச்சு. இத வெளிய பெரிசாக்காம விடுவம். ஒரு விசயம் மட்டும் தெளிவாகிட்டு. வாப்பாக்கும் கணக்கு ஏறல்ல, மகளுக்கும் ஏறல்ல. ரத்தத்தில இல்லாதத எங்கால எடுக்கிற? திங்கட்கிழமை தையலுக்கு..."

"மாமா" என்றாள் சிம்னா. சேறு காய்ந்த கையோடு தாயின் பக்கத்தில் நின்றாள். "அப்ப இந்த வீட்டில எட்டுப் பாடம் பாஸானது நான் மட்டும்தானா?"

 முஸ்பிறா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அழுகையா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"காக்கா, நீங்க இண்டைக்குப் போங்க" என்றாள். "தையலும் வேணாம், ஒண்டும் வேணாம். அவ திரும்ப எழுதட்டும். ஒருக்கா இல்லாட்டி ரெண்டு தரம், மூண்டு தரம் எழுதட்டும். நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தா, எத்தின பாடமெண்டு கேட்டா, நான் என்ன சொல்ற? கடல் கொண்டுபோட்டெண்டா? கடல் எத்தினையத்தான் கொண்டுபோகும்?"

அதாவுல்லா எழும்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது, கணக்குக்கு ஒரு நல்ல மாஸ்டர் இருக்கிறார், விசாரித்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். முடிவு கட்டாமல் போக அவனால் முடியாதே.

மஃரிபு தொழுது முடிந்து முஸ்பிறா பாயை விரித்துச் சகனை, சோறு போட்ட அந்தப் பெரிய தட்டை, வைத்தாள். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே சகனைச் சுற்றி இருந்துதான் சாப்பிடுவார்கள், கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம். சோறு, கீரி மீன் புளியாணம், பொரித்த கத்தரிக்காய். மகளை இருத்தினாள், தானும் இருந்தாள். காலிதீன் குந்தப் போனான்.

"உங்களுக்குப் பானையில கெடக்கு" என்றாள், நிமிர்ந்து பாராமல். "போட்டுத் தின்னுங்க."

குசினிக்குள் போனான். அகப்பை எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தட்டு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தான். சிம்னா எட்டிப் பார்த்து, "கதவுக்குப் பின்னால தொங்குது வாப்பா" என்றாள்.

அகப்பையும் கையுமாக அவன் நின்றபோது முஸ்பிறா மீனில் முள்ளெடுத்தபடியே கேட்டாள்.

"ரெண்டு தரம் எழுதினீங்க. மூண்டாம் தரம் ஏன் எழுதல்ல? அதுக்குப் பொறகும் எத்தின வருசம் கெடந்த. எழுதியிருந்தா எடுத்திருப்பீங்க."

காலிதீன் அகப்பையைப் பானை மேல் வைத்தான்.

"பாஸெண்டு சொன்ன பொறகு எப்பிடிப் புள்ள எழுதிற?"

முஸ்பிறா முள்ளெடுத்து முடித்தாள். மகளின் பக்கத்துச் சோற்றில் மீனை வைத்தாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து, சகனில் காலிதீன் எப்போதும் இருக்கிற பக்கத்தில் வைத்து, அதிலும் முள்ளெடுக்கத் தொடங்கினாள்.